புஷ் மாற்றிய ஆறே மாதத்தில் மறுபடி 'டொக்': பழைய மாருதி 800-க்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இது: 2004 மாடல் மாருதி 800. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது முன் இடப்பக்கம் 'டொக்' என்று சத்தம். ஷாக் அப்சார்பர் மாற்றியும் சத்தம் போகவில்லை. லோயர் ஆர்மின் (சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ்க்கட்டை) ரப்பர் புஷ் மாற்றியதும் போனது. ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் புது புஷ் கிழிந்திருக்கிறது. இந்த முறை ரப்பருக்குப் பதில் பி.யூ. (பாலியூரத்தேன்) புஷ் போட்டுவிடலாம், கிழியவே கிழியாது என்கிறார் மெக்கானிக். போடலாமா?

வேண்டாம். நல்ல ரப்பர் புஷ்ஷே போடுங்கள். சரியாக மாட்டிய ரப்பர் புஷ் ஆறு மாதத்தில் கிழியாது, பல வருஷம் தாங்கும். உங்களுடையது கிழிந்ததற்குப் போலி புஷ் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் என் சந்தேகம் முதலில் போவது வேறு இடத்துக்கு: புஷ்ஷைப் பிடிக்கும் போல்ட்டைக் கடைசியாக டைட் செய்தபோது வண்டி எந்த நிலையில் இருந்தது? சக்கரம் தொங்கிக்கொண்டிருந்ததா, தரையில் ஊன்றி நின்றதா? நம் ஊர்ப் பட்டறைகளில் பத்துக்கு எட்டு இடங்களில் இதைக் கவனிப்பதே இல்லை என்பது என் மதிப்பீடு. புது புஷ் சீக்கிரம் சாவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

புஷ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது தானாகப் புரியும். இரண்டு இரும்புக் குழாய்கள், ஒன்றுக்குள் ஒன்று, நடுவில் ரப்பர். வெளிக்குழாய் ஆர்மின் துளைக்குள் இறுக்கமாக அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். உள்குழாய் வழியாக போல்ட் போகும். போல்ட்டை இறுக்கியதும் பாடியில் இருக்கும் பிராக்கெட் உள்குழாயை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும். அதற்கப்புறம் அந்தக் குழாய் சுழலக் கூடாது. ரப்பரோ இரண்டு குழாய்களோடும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்கிறது. ஆகவே சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது அங்கே எதுவும் உருள்வதில்லை, உரசுவதும் இல்லை. ரப்பர் கொஞ்சம் முறுகுகிறது, திரும்பி வருகிறது, அவ்வளவுதான். கிரீஸ் தேவைப்படாததும் அதனால்தான். லாரிகளின் லீஃப் ஸ்பிரிங் ஷாக்கிள் பின்னில் இன்றைக்கும் கிரீஸ் நிப்பிள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே உலோகத்தின் மேல் உலோகம் சுழல்கிறது. காரில் அந்தத் தொல்லையை ரப்பர் ஒழித்தது.

இப்போது ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்குங்கள். சக்கரம் தொங்கும், ஆர்ம் கீழே சாயும். 30 செ.மீ. நீளமுள்ள ஆர்மின் முனை 7 செ.மீ. கீழே இறங்கினால் கோணம் 13 டிகிரிக்கு மேல் மாறிவிடும். அந்த நிலையிலேயே போல்ட்டை இறுக்கினால், ரப்பரைப் பொறுத்தவரை அதுதான் இயல்பு நிலை. வண்டியை இறக்கியவுடன் ரப்பர் 13 டிகிரி முறுகி நிற்கும். ஓடும்போது மட்டுமில்லை, இரவெல்லாம் வீட்டு வாசலில் நிற்கும்போதும் முறுகியே நிற்கும். அதன் மேல் ஒரு குழியில் விழுந்து சக்கரம் இன்னும் மேலே போனால், ரப்பர் தாங்க வேண்டிய முறுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரும்போடு ஒட்டிய இடத்தில் முதலில் மயிரிழை அளவு பிளவு விழும், பிறகு அது சுற்றி ஓடும். ஆறு மாதம் என்ன, மோசமான ரோடாக இருந்தால் அதற்கு முன்பே போய்விடும். இப்படிப் போனதை அடையாளம் காண்பதும் எளிது: ரப்பர் மிருதுவாகவும் கறுப்பாகவும் புதிதாகவே இருக்கும், உள்குழாயைச் சுற்றி மட்டும் வட்டமாகக் கிழிந்திருக்கும். உங்கள் பழைய புஷ்ஷைத் தூக்கிப் போடவில்லை என்றால் எடுத்துப் பாருங்கள்.

ஆக, செய்ய வேண்டியது ஒன்றே. போல்ட்டை முதலில் கையால் மாட்டி, லேசாகப் பிடிக்கிற அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். வண்டியை இறக்குங்கள். முன்பக்கத்தை இரண்டு மூன்று தடவை அமுக்கி விடுங்கள், கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டுங்கள்; ஆர்ம் தன் இடத்துக்கு வரும். சக்கரத்தில் பாரம் இருக்கும்போதே கடைசி இறுக்கு. வண்டிக்கு அடியில் இறங்கி வேலை செய்யும் பிட் (பள்ளம்) உள்ள பட்டறையில் இது சுலபம். நான்கு தூண் லிஃப்ட்டிலும் சுலபம், ஏனென்றால் அதில் வண்டி தன் சக்கரங்களிலேயே நிற்கும். இரண்டு தூண் லிஃப்ட்டில்தான் ஏமாந்துவிடக் கூடாது. பார்க்க நவீனமாக இருக்கும், ஆனால் பாடியைப் பிடித்துத் தூக்குவதால் நான்கு சக்கரமும் தொங்கும்.

இதுவும் முடியாத பட்டறை என்றால் ஒரு வழி இருக்கிறது. புஷ் மாற்றிய பிறகு எப்படியும் வீல் அலைன்மென்ட்டுக்குப் போக வேண்டும். அங்கே வண்டி ராம்ப்பின் மேல் சக்கரத்தில் நிற்கும். அலைன்மென்ட் பார்ப்பதற்கு முன், லோயர் ஆர்ம் போல்ட்டைத் தளர்த்தி, வண்டியை அமுக்கி விட்டு, திரும்ப டைட் செய்யச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை. ஏற்கெனவே மாட்டிய புஷ் இன்னும் கிழியாமல் இருந்தால் அதைக் காப்பாற்றவும் இதே வழிதான். அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பின்பக்க லீஃப் ஸ்பிரிங் கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ்களுக்கும் இதே விதி.

இறுக்கம் குறைந்தாலும் கேடுதான். உள்குழாயைப் பிராக்கெட் சரியாகக் கவ்வவில்லை என்றால் குழாய் போல்ட்டின் மேல் சுழலும், பிராக்கெட்டைத் தேய்க்கும், நாளடைவில் போல்ட் துளை நீள்வட்டமாகிவிடும். அப்புறம் எந்த புஷ் போட்டாலும் சத்தம் நிற்காது. கம்பெனி கையேட்டில் கொடுத்திருக்கும் அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். 'கை கணக்கு எனக்குத் தெரியும்' என்பவரிடம் வாக்குவாதம் வேண்டாம், ஒரு டார்க் ரென்ச்சைக் கையில் கொடுங்கள்.

அடுத்து உங்கள் வண்டிக்கே உரிய ஒரு விஷயம். பின்னால் வந்த பல கார்களில் லோயர் ஆர்ம் 'எல்' வடிவத்திலோ முக்கோணமாகவோ இருக்கும். பாடியோடு இரண்டு புஷ்களில் நிற்கும். மாருதி 800-இல் அது ஒற்றைக் கட்டை, பாடிப் பக்கம் ஒரே புஷ். அப்படியானால் சக்கரம் முன்னும் பின்னும் போகாமல் பிடித்து நிறுத்துவது எது? ஸ்டெபிலைசர் பார். முன்னால் பாடியில் இரண்டு ரப்பர் புஷ்களில் அமர்ந்து, இரு முனைகளும் ஆர்முக்குள் புகுந்து, வாஷரும் புஷ்ஷும் நட்டும் போட்டு நிற்கிறதே அந்தக் கம்பிதான். பல கார்களில் அது வளைவில் சாய்வதைக் குறைக்கும் வேலையை மட்டும் செய்கிறது. இங்கே அதோடு சேர்த்து, பிரேக் பிடிக்கும்போது பின்னால் ஓடப் பார்க்கும் சக்கரத்தை முன்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் வேலையும் அதற்குத்தான். அதனால் 800-இல் ஸ்டெபிலைசர் பார் புஷ் போய்விட்டால் சத்தத்தோடு நிற்காது. பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஸ்டீயரிங் நேராக நிற்காது. ஆர்ம் புஷ்ஷை மட்டும் மாற்றிவிட்டு இவற்றை விட்டால், இங்கிருக்கும் ஆட்டம் முழுவதும் புது ஆர்ம் புஷ்ஷின் மேல் இறங்கும். அதுவும் சீக்கிரம் போகும். உங்கள் பில்லில் ஸ்டெபிலைசர் புஷ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் இந்த முறை நான்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்: பாடிப் பக்கம் இரண்டு, ஆர்ம் பக்கம் இரண்டு.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன் சத்தம் வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஷாக் மாற்றியும் சத்தம் போகவில்லை என்றால் அந்தச் செலவு யூகத்தில் செய்தது. ஸ்பீடு பிரேக்கர் சத்தத்துக்கு லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் புஷ், பால் ஜாயிண்ட் (ஆர்மின் சக்கரப் பக்க உருண்டை மூட்டு), ஷாக்கின் தலையில் இருக்கும் ஸ்ட்ரட் மவுண்ட், ஸ்டீயரிங் ராக் (ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பல்கம்பி), டை ராடு எண்ட் (அந்தக் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) என்று ஆறு பேர் சந்தேகத்தில் இருக்கிறார்கள். ஆள் துணைக்கு ஒருவர் இருந்தால் வீட்டிலேயே பாதியை விலக்கிவிடலாம். காலி இடத்தில் மெதுவாக முன்னால் போய் பிரேக், உடனே ரிவர்ஸில் போய் பிரேக். ஒவ்வொரு தடவையும் 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம் கேட்டால் ஆர்ம் புஷ்ஷோ ஸ்டெபிலைசர் புஷ்ஷோதான், பெரும்பாலும். பானட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் மேல்முனையில் கை வைத்துக்கொண்டு, ஒருவரை ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். கைக்குக் கீழே தட்டினாலோ விட்டு விட்டுத் துள்ளினாலோ மவுண்ட். வண்டி தரையில் நிற்கும்போது ஸ்டீயரிங்கை ஓர் அங்குலம் வேகமாக ஆட்டினால் லொட லொட என்றால் டை ராடு எண்ட், ராக் பக்கம் பாருங்கள்.

பிறகு வண்டியைத் தூக்கி, ஸ்டாண்ட் போட்டு, ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் ஒரு டயர் லீவரை விட்டு நெம்பிப் பாருங்கள். நல்ல புஷ் கொஞ்சம் அசைந்து கெட்டியாகத் திரும்பும். போன புஷ்ஷில் இரும்பு இரும்பில் இடிக்கும், அல்லது பிளவு வாயைத் திறக்கும். மேல்பரப்பில் மெல்லிய கோடுகள் தெரிந்தால் மட்டும் புஷ் போய்விட்டது என்று அர்த்தமில்லை. இருபது வருஷ வண்டியில் அது இருக்கத்தான் செய்யும். இரும்பைவிட்டு ரப்பர் பிரிந்திருப்பது, உள்குழாய் நடுவிலிருந்து ஒரு பக்கமாகச் சரிந்திருப்பது, ரப்பர் ஊதிப் பிசுபிசுவென்று இருப்பது, இந்த மூன்றில் ஒன்று இருந்தால் மாற்றுங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பதும் கூடாது. அது எச்சரிக்காமல் நொறுங்கும்.

ஊதிய ரப்பர் என்றதும் நம் ஊர் வழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் துரு பிடிக்காமல் இருக்க அடியில் டீசலோ பழைய எஞ்சின் ஆயிலோ ஸ்ப்ரே அடிப்பார்கள். தகரத்துக்கு அது நல்லதாகவே இருக்கட்டும். புஷ்ஷுக்கு விஷம். சஸ்பென்ஷன் புஷ்களில் பெரும்பாலும் இயற்கை ரப்பர்தான், ஏனென்றால் ஓயாமல் முறுகித் திரும்புவதை அதுபோல் தாங்குவது வேறில்லை. ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது உறிஞ்சிக்கொண்டு ஊதும், கொழகொழவென்று ஆகும், இரும்போடு இருக்கும் பிடியையும் விடும். எஞ்சின் ஆயிலோ ஆக்சில் பூட் (ரப்பர் உறை) கிழிந்து கிரீஸோ புஷ் மேல் வழிந்தாலும் இதேதான். 'ஸ்ப்ரே வேண்டாம்' என்று சர்வீஸ் கொடுக்கும்போதே சொல்லுங்கள். கசிவு இருந்தால் புஷ்ஷுக்கு முன்னால் அதைச் சரி செய்யுங்கள். புஷ் கீச் கீச் என்று கத்தினால் சிலிகான் ஸ்ப்ரே அடிக்கலாம்; கிரீஸ் வேண்டாம்.

கழற்றும் வேலையில் முதல் எதிரி துரு. போல்ட் உள்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். கடலோர ஊர் வண்டிகளில் இது நிச்சயம். முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டால் மறுநாள் பாதிப் போராட்டம் குறையும். நட் கழன்றும் போல்ட் சுற்றவில்லை என்றால் சுத்தியலை எடுக்காமல், சின்னச் சின்னத் திருப்பாக முன்னும் பின்னும் கொண்டுவரச் சொல்லுங்கள். புது போல்ட், நட் கையில் வைத்துக்கொண்டு போவது நல்லது. நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் இருக்கும் இடங்களில் பழையதை நிமிர்த்தி மறுபடி போடுவது கூடவே கூடாது, அதன் விலை ஒரு டீக்குக்கூட ஆகாது.

ஆர்ம் கழன்ற பிறகு புஷ்ஷை எடுக்கப் பல பட்டறைகளில் கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டுவார்கள். ரப்பர் எரிந்து விழும், வேலை சீக்கிரம் முடியும். அனுமதிக்காதீர்கள். அந்தப் புகை நுரையீரலுக்குக் கேடு. ஆர்மின் பெயின்ட் எரிந்து அங்கே துரு ஆரம்பிக்கும். பக்கத்திலேயே இருக்கும் பால் ஜாயிண்ட்டின் ரப்பர் மூடியும் கருகும். பக்கத்து லேத் பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும், அங்கே கொடுத்தால் சில நிமிஷத்தில் முடியும். பிரஸ் இல்லாத ஊர் என்றால் நீளமான போல்ட், தடித்த வாஷர்கள், சரியான அளவு சாக்கெட்டுகள் வைத்து இழுத்தும் எடுக்கலாம். மிகவும் பிடித்துக்கொண்டால் ரப்பரை வெட்டி எடுத்துவிட்டு, வெளிக்குழாயின் உள்பக்கம் ஹாக்சா பிளேடால் ஒரு கீறல் போட்டு உளியால் உள்நோக்கி மடக்கினால் வந்துவிடும். கீறல் ஆர்முக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதில்தான் பின்னால் விரிசல் பிறக்கும்.

புதியதை ஏற்றும்போது கவனிக்க வேண்டியது எங்கே அழுத்துகிறார்கள் என்பதை. அழுத்தம் வெளிக்குழாயின் விளிம்பில் மட்டும் விழ வேண்டும். உள்குழாயில் அழுத்தினால் ரப்பரைப் பிடித்துத் தள்ளுவதாகிறது. மாட்டுவதற்கு முன்பே ஒட்டு விட்டுப்போகும். துளையை எமரி பேப்பரால் சுத்தம் செய்து, சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். புஷ் நேராக ஏற வேண்டும். சாய்ந்து ஏறினால் துளை வாய் கிழிந்து அகலமாகிவிடும். 800-இன் ஆர்ம் புஷ் எளிய வகைதான். ரப்பரில் வேண்டுமென்றே பொந்து விட்டிருக்கும் பெரிய புஷ்கள் உள்ள கார்களில் மட்டும், பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கழற்றும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். பொந்து இருக்கும் திசையில் புஷ் மிருதுவாகவும் மற்ற திசையில் கெட்டியாகவும் இருக்கும்படி அமைத்திருப்பார்கள். திருப்பி மாட்டினால் கணக்கே மாறிவிடும்.

எந்த புஷ் வாங்குவது? 800 உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டாலும் ரோட்டில் இன்னும் நிறைய ஓடுவதால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. கம்பெனி பாகம் கிடைத்தால் அதையே வாங்குங்கள், இல்லையென்றால் பெயருள்ள தயாரிப்பாளருடையது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் ஒரே புஷ் மூன்று நான்கு விலையில் காட்டுவார்கள். மலிவானதைக் கையில் எடுத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். பல நேரம் பிளாஸ்டிக் மாதிரி விறைப்பாக இருக்கும், அல்லது பிசின் வாடை தூக்கலாக அடிக்கும். ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள். பல வருஷம் தட்டில் கிடந்த பழைய ஸ்டாக்கும் வேண்டாம். ரப்பர் ஓடாமலே வயதாகும். புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஆர்மை அப்படியே வாங்கி மாட்டுபவர்களும் உண்டு. இரும்பு வாங்கலாம், அதில் இருக்கும் ரப்பரை நம்பக் கூடாது. உங்கள் பால் ஜாயிண்ட்டிலும் ஆட்டம் இருந்தால் புஷ், ஜாயிண்ட் எல்லாம் சேர்ந்த முழு புது ஆர்மே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். புஷ் விலை கொஞ்சம்தான். திரும்பத் திரும்பக் கழற்றுகிற கூலிதான் பெரிது. அதே காரணத்துக்காக இடப்பக்கம் மட்டும் மாற்றாமல் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஒரு பக்கம் கெட்டி, ஒரு பக்கம் தளர்வு என்றால் பிரேக்கில் இழுப்பு இருந்துகொண்டே இருக்கும்.

பி.யூ. என்கிற பாலியூரத்தேன் புஷ்ஷை நான் மோசம் என்று சொல்லவில்லை. எண்ணெய் பட்டாலும் தாங்கும், வேகமாக வளைவு எடுக்கும் வண்டிகளில் ஸ்டீயரிங் துல்லியமாக இருக்கும். அது ரப்பர்போல் முறுகுவதில்லை. உள்குழாயின் மேல் சுழல்கிறது. அதனால் சிலிகான் கிரீஸ் வேண்டும், அது வறண்டால் கத்தும், நம் தூசியும் சேறும் உள்ளே போனால் தேயும். கெட்டியாக இருப்பதால் ரோட்டின் அதிர்வையெல்லாம் பாடிக்கு அனுப்பிவிடும். 12 அங்குல சக்கரமும் 650 கிலோ சொச்சம் எடையும் உள்ள வண்டியில் ஏற்கெனவே குழிகள் நன்றாகத் தெரியும். அதை இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் பல திசையில் வளைய வேண்டிய இடங்களில், பின்பக்க டிரெய்லிங் ஆர்ம் (பின்சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கட்டை) மாதிரி, கெட்டியான பி.யூ. போட்டால் ஆர்மும் பிராக்கெட்டுமே இழுபடும்.

வேலை முடிந்ததும் அலைன்மென்ட் கட்டாயம், முக்கியமாக டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு). புது புஷ்ஷில் சக்கரத்தின் இடம் சில மில்லிமீட்டர் மாறியிருக்கும். விட்டால் டயரின் ஓரம் அரித்துவிடும். முதல் 500 கிலோமீட்டரில் ஒரு தடவை எல்லா நட்டும் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அதையும் வண்டி சக்கரத்தில் நிற்கும்போதே. இவ்வளவுக்கும் பிறகு சத்தம் அப்படியே இருந்தால் மறுபடி புஷ்ஷைத் தொட வேண்டாம். பிராக்கெட்டின் போல்ட் துளை நீள்வட்டமாகியிருக்கிறதா, அது பாடியோடு சேரும் வெல்டிங்கில் துருவோ விரிசலோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இருபது வருஷ 800-இல் அங்கே விரிசல் இருந்தால் முதலில் தகர வேலை, அதற்கப்புறம்தான் புஷ்.